12/3 என்றால் மார்ச் 12-ஆ?

சிதம்பரம் பக்கம் ஒரு துண்டு நிலம் என்று வையுங்கள். சர்வே எண் 12, உட்பிரிவு 3. பத்திரத்தில் 12/3. அதையே எக்ஸெல் கட்டத்தில் அடித்து என்டர் தட்டிப் பாருங்கள். மார்ச் 12 ஆகிவிடும்! பதறிப்போய் ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றினால் சம்பந்தமில்லாத ஐந்து இலக்க எண் வரும், 12/3 வராது. கடலூர் போன் கோடு 04142, சிதம்பரம் 04144. அடித்தால் முன்னால் இருக்கிற பூஜ்யம் காலி.

“கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது சார்” என்பார்கள். கேட்காமல் மாற்றுவதே தப்புதான் ஐயா! பேரேட்டில் அடித்துத் திருத்தினால் பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போடணும் என்று பி.காமில் சொல்லிக் கொடுத்தார்கள். இந்தக் கணக்கப்பிள்ளை கையெழுத்தும் போடுவதில்லை, வாயும் திறப்பதில்லை.

‘மார்ச்1’ என்ற மனித ஜீன் ஓயாமல் தேதியாக மாறியதால், 2020-ல் விஞ்ஞானிகள் ஜீனின் பெயரையே மாற்றினார்கள். இந்த வேலையை நிறுத்தும் வசதியை மைக்ரோசாஃப்ட் தந்தது 2023-ல். அதையும் நாமே தேடிப்பிடித்து அணைக்கணுமாம். அணைத்தே கொடுத்துவிட்டு, வேண்டியவர் போட்டுக்கொள்ளட்டும் என்றால் என்ன குறைந்துவிடும்?

அதுவரை எண்ணுக்கு முன்னால் ஓர் ஒற்றை மேற்கோள் குறி போட்டு அடியுங்கள். வரப்புத் தகராறுக்கு இங்கே ஏற்கெனவே பஞ்சமில்லை.