ஆட்டுப்பட்டியிலிருந்து பிரபு சபைக்கு

பிரபு குலத்தார் வம்சப் பட்டயத்தை நீட்டுகிறார்கள். நாமோ, தோழர்களே, உயிலைக் கேட்போம்!

இங்கிலாந்தின் ஸ்பென்சர் குடும்பம் ஆடு வளர்த்து ஆஸ்தி சேர்த்தது. 1508இல் ஆல்தார்ப் பண்ணையை விலைக்கு வாங்கிற்று. இதில் இழிவென்ன? இழிவு பின்னர் வந்தது! 1595இல் குலமரபு வகுக்கும் அரசு அதிகாரி ரிச்சர்ட் லீ, டிஸ்பென்சர் என்ற பழம்பெரும் பிரபுக்களை இவர்தம் மூதாதையராக்கினார். 1603இல் பட்டமும் கிட்டிற்று. ஆயினும் 1621இல், பிரபுக்கள் சபையிலேயே, ஆடு மேய்த்தோர் வழிவந்தவரென்று ஆரண்டெல் பிரபு இவரை ஏளனம் செய்தார். ஊரறிந்த உண்மை! 1901இல் ஹொரேஸ் ரவுண்ட் என்ற ஆய்வாளர் ஆவணங்களைக் கொண்டே அக்கட்டுக்கதையைத் தகர்த்தார்.

உயில் எழுதுபவனுக்கு வம்சப் பெருமையா கவலை? நிலம் எவர்க்கு, மந்தை எவர்க்கு என்பதே கவலை! 1538இல் தாமஸ் குரோம்வெல் ஆணையால் தோன்றிய ஊர்த் திருச்சபைப் பதிவேடோ ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதிற்று. பண்ணையார் பிள்ளைக்கென்று தனி ஏடில்லை. மேய்ப்பன் மகனும் அதே ஏட்டில்தான்.