நடுநிலை மனிதர் என்று ஒருவர் உண்டா?

நடுநிலை வகிக்கும் தேசங்கள் உலகத்தில் இருக்கலாம், ஆனால் நடுநிலை வகிக்கும் மனிதர் என்று எவரும் இருக்க முடியாது என்ற அபிப்பிராயத்தை, சோவியத் பிரதமர் நிகிதா குருஷ்சேவ் 1961ஆம் ஆண்டில் அமெரிக்கப் பத்திரிகையாளர் வால்டர் லிப்மனிடம் தெரிவித்தார். ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச் செயலாளர் பதவியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மேற்கு நாடுகளுக்கு ஒருவர், சோஷலிஸ நாடுகளுக்கு ஒருவர், எந்த அணியிலும் சேராத நாடுகளுக்கு ஒருவர் என மூவரை அமர்த்தி, மூவரும் ஒருமித்தாலன்றி எக்காரியமும் நடவாதபடி செய்ய வேண்டும் என்று முந்தின ஆண்டு பொதுச்சபையில் அவர் எழுப்பிய கோரிக்கைக்கு இந்த அபிப்பிராயமே அஸ்திவாரம். அரசியல் சூழ்ச்சி என்று மட்டும் சொல்லி இதை ஒதுக்கிவிடலாகாது. இதற்குள்ளே மனிதனைப் பற்றிய ஒரு சித்தாந்தம் இருக்கிறது. மனிதன் தன் கூட்டத்தின் பிரதிநிதியேயன்றி வேறல்ல. தன் தேசம், தன் வர்க்கம், தன் அணி ஆகியவற்றின் பார்வைக்கு அப்பால் நின்று மற்றொருவனின் நியாயத்தைக் காணும் சக்தி அவனுக்குக் கிடையாது என்பதே அது. இது மெய்யானால், மானுடர் யாவரும் ஒன்று என்று நாம் பேசுவதற்கு அர்த்தமே இல்லை. நீதிபதிகளை நாம் நம்புவதற்கும் ஆதாரம் இல்லை.

யாருடைய பதவியைக் குறிவைத்து இந்த வாதம் எழுந்ததோ அந்த டாக் ஹாமர்ஷீல்ட், 1961 மே 30ஆம் தேதி ஆக்ஸ்போர்டில் நிகழ்த்திய சொற்பொழிவில் இதற்குப் பதில் சொன்னார். தமக்கு விருப்பு வெறுப்புகளே கிடையாது என்று அவர் சாதிக்கவில்லை. சர்வதேச உத்தியோகஸ்தனும் மனிதனே, அவனுக்கும் கொள்கைகளும் அனுதாபங்களும் இருக்கும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டார். ஆனால் அவற்றை அவன் அறிந்திருக்க வேண்டும், அவை தன் தீர்மானங்களில் கலந்துவிடாதபடி இடைவிடாது தன்னையே சோதித்துக்கொண்டிருக்க வேண்டும், ஒவ்வொரு நீதிபதியும் இதைத்தானே செய்கிறார் என்பது அவர் வாதம். ஐ.நா. சாசனத்தின் 100ஆம் விதி, செயலாளரும் அவருடைய ஊழியரும் எந்த அரசாங்கத்திடமிருந்தும் உத்தரவு கேட்கவோ பெறவோ கூடாது என்று விதிக்கிறது. அந்த விதியைக் கடைசியில் காப்பாற்றுவது எது என்று தேடிக்கொண்டு போன ஹாமர்ஷீல்ட், அது ஓர் உத்தியோகஸ்தனின் மனச்சாட்சியே என்ற முடிவுக்கு வந்து சேர்ந்தார். சட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிய ஒருவர் ஆத்ம சோதனையில் கொண்டுவந்து நிறுத்துவது விசித்திரமாகத் தோன்றலாம். அவருடைய வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு அது விசித்திரமாக இராது.

ஸ்வீடன் தேசத்தில் 1905இல் பிறந்து, தந்தை கவர்னராக இருந்த உப்சாலா நகரத்தில் வளர்ந்தவர் அவர். தந்தை யால்மார், முதல் உலக யுத்த காலத்தில் ஸ்வீடனின் பிரதம மந்திரியாக இருந்தவர். தந்தை வழியில் தலைமுறை தலைமுறையாகப் போர்வீரர்களும் அரசாங்க அதிகாரிகளுமாக வாழ்ந்தவர்களிடமிருந்து, சுயநலமற்ற பொதுச் சேவையே வாழ்க்கையின் நிறைவு என்ற நம்பிக்கையையும், தாய் வழியில் பண்டிதர்களும் பாதிரிமாருமாக இருந்தவர்களிடமிருந்து, மனிதர் யாவரும் கடவுளின் குழந்தைகள், ஆகையால் சமமானவர்கள் என்ற நம்பிக்கையையும் தாம் பெற்றதாக, பொதுச் செயலாளரான புதிதில் வானொலிக்காக எழுதிய சிற்றுரை ஒன்றில் அவர் கூறினார். இவ்விரண்டையும் ஒன்றாக இணைத்து வாழும் வழியைக் காட்டியவர்கள் மத்திய காலத்து ஐரோப்பிய ஞானிகள் என்றும் அதில் சொன்னார். அந்த ஞானிகள் உலகத்தை விட்டு ஓடியவர்கள் அல்லர் என்பதே அவர் கண்ட உண்மை. தன்னை மறத்தலில் அவர்களுக்குக் கிடைத்த உள்ளமைதி, அண்டை அயலாரின் தேவை எதுவாக இருந்தாலும் அதற்கு இசைந்து எழும் பலத்தை அவர்களுக்குத் தந்தது.

1953 ஏப்ரலில் பதவியேற்றபோது இவையெல்லாம் உலகத்துக்குத் தெரியாது. அவர் பொருளாதார நிபுணர். ஸ்வீடன் மத்திய வங்கியின் தலைவராக இருந்தவர். எந்தக் கட்சியிலும் சேராமலே மந்திரி சபையில் இடம் பெற்றவர். ஓசையில்லாத நல்ல நிர்வாகி என்று எண்ணித்தான் வல்லரசுகள் அவரைத் தேர்ந்தெடுத்தன. அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டை உச்சத்தில் இருந்த அந்த ஆண்டிலேயே, ஐ.நா. கட்டடத்துக்குள் புகுந்து ஊழியர்களை விசாரித்துக்கொண்டிருந்த அமெரிக்கத் துப்பறியும் இலாகாவினரை அவர் வெளியேற்றியபோது, அவ்வளவு சாதுவான நிர்வாகி அல்லர் இவர் என்பது முதன்முறையாகப் புலப்பட்டது.

அடுத்த சோதனை சீனத்தில். 11 அமெரிக்க விமானப் படையினருக்கு ஒற்றர்கள் என்று சீன அரசாங்கம் சிறைத் தண்டனை விதித்தது. பொதுச்சபை சீனத்தைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றிய கையோடு, அந்தக் கைதிகளை மீட்கும் பொறுப்பையும் ஹாமர்ஷீல்டிடம் ஒப்படைத்தது. சீனமோ அப்போது ஐ.நா.வில் சேர்த்துக்கொள்ளப்படாத தேசம். தன்னைக் கண்டித்த ஒரு சபையின் தூதரை அது எப்படி வரவேற்கும்? தீர்மானத்தின் பேரில் அல்லாமல், சாசனம் தம் பதவிக்கு நேராகவே தந்த அதிகாரத்தின் பேரில் வருவதாகச் சொல்லி, 1955 ஜனவரியில் அவர் பீக்கிங்குக்குப் போய்ப் பிரதமர் சூ என்லாயைச் சந்தித்தார். எதிரே அமர்ந்திருந்தவரை ஒரு குற்றவாளித் தேசத்தின் பிரதிநிதியாக அவர் நடத்தவில்லை; காரண காரியங்களைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரு மனிதராக நடத்தினார். மாதங்கள் கடந்து, அவருடைய 50ஆம் பிறந்தநாளை ஒட்டி, கைதிகளை விடுவிப்பதாகவும், அவருடன் ஏற்பட்ட நட்பு தொடர வேண்டும் என்று விரும்புவதாகவும் சீனத்திடமிருந்து செய்தி வந்தது.

ஐ.நா. தலைமையகத்தில் மௌனமாக அமர்வதற்கென்று ஓர் அறையை அவர் தம் சொந்த மேற்பார்வையில் அமைத்தார் என்பதைப் பலர் எழுதியிருக்கிறார்கள். எந்த மதத்தின் சின்னமும் இல்லாத அந்த அறையின் நடுவே, ஸ்வீடனிலிருந்து வந்த, ஆறரை டன் எடையுள்ள ஓர் இரும்புத் தாதுப் பாறை மட்டும், மேலிருந்து விழும் ஒளிக்கதிரின் கீழ்க் கிடக்கிறது. அந்த அறையைவிட, அவர் போன இடங்களிலும் எடுத்த தீர்மானங்களிலும் அவருடைய ஆன்மிகம் தெளிவாக விளங்குகிறது என்பது என் எண்ணம்.

ஆகையால் காங்கோவுக்கு வருகிறேன். அங்கேதான் அது மிகக் கடுமையாகப் பரீட்சிக்கப்பட்டது. அங்கேதான் அவருடைய அன்பர்களும் சங்கடப்பட வேண்டியிருக்கிறது. 1960 ஜூன் 30ஆம் தேதி பெல்ஜியத்திடமிருந்து விடுதலை பெற்ற காங்கோ, இரண்டு வாரங்களுக்குள் ராணுவக் கலகத்திலும், பெல்ஜியத் துருப்புகளின் மறுபிரவேசத்திலும், தாமிரச் சுரங்கங்கள் நிறைந்த கட்டாங்கா மாகாணத்தின் பிரிவினையிலும் சிக்கியது. பிரதமர் பட்ரிஸ் லுமும்பாவும் ஜனாதிபதி கஸவூபுவும் அழைத்ததன் பேரில் ஐ.நா. படை சென்றது. செப்டம்பரில் கஸவூபு லுமும்பாவைப் பதவிநீக்கம் செய்தபோது, அப்போதைக்கு ஐ.நா.வின் பிரதிநிதியாக அங்கிருந்த அமெரிக்கரான ஆண்ட்ரூ கார்டியர், கலவரம் மூளாதிருக்கும் பொருட்டு, தலைநகரின் வானொலி நிலையத்தையும் விமான நிலையங்களையும் மூடினார். இரு தரப்புக்கும் சமமான தடை என்றே அது காகிதத்தில் தோன்றும். ஆனால் கஸவூபுவுக்கு ஆற்றின் அக்கரையிலிருந்த பிராஸவில் நகரத்து வானொலி திறந்திருந்தது. லுமும்பாவுக்கோ ஜனங்களிடம் பேசவும் வழியில்லை, தம் ஆதரவாளரைத் திரட்டவும் வழியில்லை.

நடுநிலை என்று நாம் பெயரிட்டு அழைக்கும் செயல்களில் எத்தனை, உண்மையில் பலமுள்ளவனுக்குச் சாதகமானவை! குருஷ்சேவின் குற்றச்சாட்டு முழுவதும் பொய்யாக இராமல், அதில் ஒரு சத்தியத்தின் கீற்று இருந்தது இங்கேதான். பின்னர் லுமும்பாவின் இல்லத்துக்கு ஐ.நா. வீரர்கள் காவல் நின்றார்கள். நவம்பர் 27ஆம் தேதி இரவு அவர் அந்தக் காவலைத் தாண்டி வெளியேறி, ராணுவத் தளபதி மொபூட்டுவின் படையிடம் அகப்பட்டார். கட்டாங்காவுக்குக் கொண்டுபோகப்பட்டு, 1961 ஜனவரி 17ஆம் தேதி கொல்லப்பட்டார். கைதான லுமும்பாவைப் பலாத்காரமாக மீட்பதற்கு ஐ.நா. படைக்கு அதிகாரம் அளிக்கப்படவில்லை என்று ஹாமர்ஷீல்ட் வாதித்தார். சட்டத்தை எழுத்தெழுத்தாகப் படித்தால் அந்த வாதம் சரியானதே. ஆயினும் அதிகாரம் இல்லை என்ற ஒரு வாக்கியத்தின் பின்னே நின்று ஒரு மனிதரின் மரணத்தைப் பார்த்திருக்க முடிந்தது என்பதை, அவரிடம் எவ்வளவு பக்தி கொண்டவரும் லேசாகக் கடந்து போகக்கூடாது. உள்ளத் தூய்மை என்பது பிழை செய்யாதிருப்பதற்கு உத்தரவாதம் அல்ல. தாம் நேர்மையானவர் என்ற நினைவு சிலருக்குத் தம் செயலின் விளைவுகளைக் காணாதபடி கண்ணை மறைத்துவிடுவதும் உண்டு.

ஹாமர்ஷீல்ட் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டவரா? இல்லை என்பதே என் தீர்ப்பு. 1960 அக்டோபர் 3ஆம் தேதி குருஷ்சேவ் நேருக்கு நேராக ராஜினாமாவைக் கோரியபோது, விலகுவது சுலபம், இருப்பது சுலபமல்ல என்று சொல்லி, தம்முடைய பாதுகாப்புக்கு இந்த ஸ்தாபனத்தையே நம்பியிருக்கும் சிறிய தேசங்கள் விரும்பும்வரை பதவியில் நிலைத்திருப்பேன் என்று அவர் அறிவித்தார். மனச்சாந்தியை மட்டும் நாடியவராக இருந்திருந்தால், அன்று விலகி உப்சாலாவுக்குத் திரும்பி, புத்தகங்களுக்கிடையே நிம்மதியாக வாழ்ந்திருக்கலாம். அவர் தொடர்ந்து இருந்தார். காங்கோவில் சிக்கலாகிவிட்ட காரியத்தைச் சீர்ப்படுத்துவதும் தம் கடமையே என்று ஏற்றார். லுமும்பாவின் கொலைக்குப்பின் 1961 பிப்ரவரியில் பாதுகாப்பு சபை, உள்நாட்டு யுத்தத்தைத் தடுக்கக் கடைசி உபாயமாகப் பலப்பிரயோகமும் செய்யலாம் என்று அனுமதித்தது. சில தேசங்கள் தம் துருப்புகளைத் திரும்பப் பெற்றுக்கொண்ட அந்த வேளையில், நேருவின் அரசாங்கம் ஒரு முழுப் பிரிகேடையே காங்கோவுக்கு அனுப்பியது என்பதை இந்தியர் நினைவுகூரலாம்.

அவர் இறந்தபின் நியூயார்க் இல்லத்தில் ஒரு கையெழுத்துப் பிரதி கிடைத்தது. தம்மோடும் கடவுளோடும் தாம் நடத்திய பேச்சுவார்த்தைகளின் குறிப்பு என்று அதைப் பற்றி நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதி வைத்திருந்தார். 1963இல் ஸ்வீடிஷ் மொழியில் வெளியான அந்த நாட்குறிப்பில் சூயஸ் நெருக்கடி இல்லை, காங்கோ இல்லை, குருஷ்சேவ் இல்லை. உலகத் தலைவர் எவர் பெயரும் இல்லை. தற்பெருமை, தனிமை, பயம், தன்னலம் ஆகிய தம் சத்துருக்களையே பக்கம் பக்கமாக அவர் விசாரிக்கிறார். தம்மை ஒரு கிறிஸ்துவாகப் பாவித்துக்கொண்ட கர்வம் இது என்று அவருடைய தாய்நாட்டிலேயே சில விமர்சகர்கள் சீறினார்கள். நான் அதை வேறு விதமாகப் படிக்கிறேன். பகலில் பல தேசங்களின் வழக்குகளைக் கேட்கும் நீதிபதி, இரவில் தன்னையே கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்த பதிவேடு அது. ஆக்ஸ்போர்டில் எதை ஒவ்வோர் உத்தியோகஸ்தனின் கடமை என்று சொன்னாரோ, அதை அவர் பல்லாண்டுகளாகச் செய்துகொண்டிருந்தார்.

1961 செப்டம்பர் 17ஆம் தேதி இரவு, கட்டாங்காத் தலைவர் ஷோம்பேயுடன் போர்நிறுத்தம் பேசுவதற்காக அவர் சென்ற விமானம், வட ரொடீஷியாவில் என்டோலா நகரத்துக்கருகே காட்டில் விழுந்தது. அவரும் உடன் சென்ற 15 பேரும் மாண்டார்கள். விமானியின் பிழை என்று ரொடீஷிய விசாரணைக் குழு முடிவு கட்டியது. வானத்தில் வெளிச்சங்களையும் இன்னொரு விமானத்தையும் கண்டதாகக் கூறிய ஆப்பிரிக்கக் கரி சுடும் தொழிலாளர்களின் சாட்சியத்தை, நம்பத்தகாததென்று அது தள்ளியது. கறுப்பு மனிதனின் கண் கண்டதற்கு வெள்ளையர் ஆட்சியின் சபையில் மதிப்பில்லாமற் போயிற்று. அந்தச் சாட்சிகளுக்குச் செவிசாய்க்க அரை நூற்றாண்டு ஆயிற்று. தான்சானியாவின் தலைமை நீதிபதியாக இருந்த முகமது சாண்டே ஒத்மான், ஐ.நா.வின் வேண்டுகோளின் பேரில் 2015 முதல் மீண்டும் ஆராய்ந்து, வெளியிலிருந்து வந்த தாக்குதல் காரணமாக இருந்திருக்கக்கூடும் என்று அறிக்கை தந்திருக்கிறார். உளவு ஆவணங்களைக் காட்டுவதில் பிரிட்டனும் அமெரிக்காவும் தென்னாப்பிரிக்காவும் முழுமையாக ஒத்துழைக்கவில்லை என்றும் குறித்திருக்கிறார். அரசாங்கங்கள் மறைக்கின்றன என்று சொல்லிவிட்டு நாம் ஓய்ந்துவிடுகிறோம். ஆனால் ஒவ்வோர் ஆவணத்தையும் வெளியிட வேண்டாம் என்று கையொப்பமிடுகிறவர், பெயரும் பதவியும் உள்ள ஓர் உத்தியோகஸ்தரே. அவருக்கும் மனச்சாட்சி உண்டு என்றே நான் நம்புகிறேன். அவர் அந்த ஆவணங்களைத் திறக்க வேண்டும். அதற்கு இனியும் காலம் கடத்துவதில் நியாயமில்லை.