பொழுது போகாதவரும் பொழுது போதாதவரும்

நமது நாட்டுக் குடும்பங்களில் தினந்தோறும் கேட்கக்கூடிய வார்த்தைகள் இரண்டு உண்டு. ஒன்று, "பொழுது போகவில்லை" என்பது. மற்றொன்று, "பொழுது போதவில்லை" என்பது. ஒரே கூரையின் கீழ், ஒரே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வாழ்கின்ற இருவரில் ஒருவருக்குப் பொழுது மிஞ்சுவதும், மற்றவருக்குப் பொழுது குறைவதும் எப்படி? கடிகாரத்தில் கோளாறா? அல்லது தலையெழுத்தில் கோளாறா? முதல் வார்த்தையைச் சொல்லுகிறவர் பெரும்பாலும் ஆண் என்பதையும், இரண்டாவது வார்த்தையைச் சொல்லுகிறவர் பெரும்பாலும் பெண் என்பதையும் எந்த வீட்டு வாசலில் நின்று கேட்டாலும் தெரிந்துகொள்ளலாம். ஆகையால் கோளாறு கடிகாரத்திலும் இல்லை, தலையெழுத்திலும் இல்லை. வீட்டு ஏற்பாட்டில்தான் இருக்கின்றது என்பது நமது அபிப்பிராயம்.

பொழுதுபோக்கு என்று எடுத்துக்கொண்டால் ஆண்களுக்கு எத்தனை வகை! சீட்டாட்டம், கேரம், தூண்டில் போடுதல், புறா வளர்த்தல், சேவல் வளர்த்தல், கிரிக்கெட் பார்த்தல், டீக்கடையில் பத்திரிகை படித்தல், கட்சிக் கூட்டம் கேட்டல், செல்போனைத் தடவிக்கொண்டே திண்ணையில் சாய்ந்திருத்தல் என்று சொல்லிக்கொண்டே போகலாம். பெண்களுக்கு என்ன பொழுதுபோக்கு என்று கேட்டால், "ஏன், கோலம் போடுகிறாள், பூக் கட்டுகிறாள், வடகம் பிழிகிறாள், இதெல்லாம் பொழுதுபோக்கு அல்லவா?" என்று பதில் சொல்லுகிறார்கள். பொழுதுபோக்கு என்பதற்கு ஒரு சுலபமான பரீட்சை இருக்கின்றது. எதைச் செய்யாமல் விட்டாலும் "ஏன் செய்யவில்லை?" என்று கேட்க ஒருவருக்கும் பாத்தியதை இல்லையோ, அதுதான் பொழுதுபோக்கு. இன்று சீட்டாடப் போகாத ஆணை யாரும் கண்டிப்பதில்லை. ஆனால் இன்று வாசலில் கோலம் போடாத பெண்ணை மாமியார் கேட்பாள், புருஷன் கேட்பான், எதிர்வீட்டுக்காரியும் கேட்பாள். கேள்வி கேட்கப்படுகிற காரியம் வேலையே ஒழியப் பொழுதுபோக்கு ஆகாது.

உலகத்துத் தொழிலாளர்கள் ஓய்வுக்காகப் பட்ட பாட்டைச் சற்று நினைத்துப் பாருங்கள். எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் உறக்கம், எட்டு மணி நேரம் எங்கள் இஷ்டம் என்று அவர்கள் கேட்டார்கள். 1886-ல் சிக்காகோ நகரத்தில் அதற்காக வேலை நிறுத்தம் செய்து, ரத்தம் சிந்தி, தூக்கு மேடையும் ஏறினார்கள். 1923-ம் வருஷம் மே மாதம் முதல் தேதி தோழர் சிங்காரவேலர் சென்னையில் மே தினக் கூட்டம் நடத்தினார். 1948-ம் வருஷத்து ஆலைச் சட்டமானது வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாதென்றும், வாரத்தில் ஒரு நாள் விடுமுறை விடவேண்டுமென்றும் விதித்தது. இவ்வளவும் எதற்காக? அந்த மூன்றாவது எட்டு மணி நேரத்துக்காக. மனிதன் மாடு அல்ல, அவனுக்கும் தன் இஷ்டப்படி கழிக்க ஒரு பொழுது வேண்டும் என்பதற்காக. ஆனால் அந்த எட்டு மணி நேரத்தை முதலாளியிடமிருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த தொழிலாளி, தன் மனைவிக்கும் அது வேண்டுமே என்று நினைத்தானா? அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை உண்டா? ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆட்டுக்கறி வாங்கி வந்து கொடுத்து அவளுக்கு வேலையை இரட்டிப்பாக்குகின்ற நாள் என்பதுதானே வழக்கம்!

இது வெறும் வாய்ப்பேச்சு என்று யாரும் நினைக்க வேண்டாம். சர்க்காரே கணக்கெடுத்திருக்கின்றது. 2019-ல் இந்தியா முழுவதிலும் சுமார் 1 லட்சத்து 38 ஆயிரம் வீடுகளில், ஆறு வயதுக்கு மேற்பட்டவர்கள் ஒரு நாளை எப்படிக் கழிக்கிறார்கள் என்று விசாரித்தார்கள். கூலியில்லாத வீட்டு வேலையில் அன்றைக்குக் கை வைத்தவர்கள் பெண்களில் 100-க்கு 81 பேர். ஆண்களில் 100-க்கு 26 பேர். அப்படிக் கை வைத்தவர்களிலும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிஷமும், ஆண்கள் 97 நிமிஷமும் வேலை செய்தார்கள். கை வைக்காத ஆண்கள் இந்த 97-ல் சேரவே இல்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. மறுபடியும் 2024-ல் கணக்கெடுத்தபோது பெண்களுக்கு 289 நிமிஷம் என்றும், ஆண்களுக்கு 88 நிமிஷம் என்றும் கண்டது. பெண்ணின் வேலை 10 நிமிஷம் குறைந்ததென்று சந்தோஷப்படலாமா என்று பார்த்தால், ஆணின் வேலையும் 9 நிமிஷம் குறைந்து போயிற்று! முன்பு இருவருக்கும் இருந்த வித்தியாசம் 202 நிமிஷம். பின்பு 201 நிமிஷம். ஐந்து வருஷத்தில் நாம் கண்ட முன்னேற்றம் ஒரே ஒரு நிமிஷம். இந்த வேகத்தில் போனால் ஆணும் பெண்ணும் வீட்டு வேலையில் சமமாவதற்கு இன்னும் ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகும். நமது வைதீகர்கள் கலியுகத்துக்குக் கணக்குச் சொல்லுவது போலவே இதுவும் இருக்கின்றது.

"ஆண் வெளியில் போய்ச் சம்பாதிக்கிறான், பெண் வீட்டில் வேலை செய்கிறாள், இதில் என்ன தப்பு?" என்று சிலர் கேட்கலாம். அப்படியானால் வெளியில் போய்ச் சம்பாதிக்கின்ற பெண்ணுக்கு வீட்டு வேலை இல்லாமல் போக வேண்டுமல்லவா? நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்வந்த பெண், திருப்பூர் பனியன் கம்பெனியில் நின்றுவந்த பெண், பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிவிட்டு வந்த பெண், ஆகிய எல்லோரும் வீட்டுக்கு வந்ததும் முதலில் போவது எங்கே? அடுப்படிக்குத்தான். கூட வேலைக்குப் போய்வந்த புருஷன் போவது எங்கே? நாற்காலிக்குத்தான். ஆகவே சம்பாத்தியம் என்பது சாக்கே தவிரக் காரணமல்ல.

"சமைப்பதும் துவைப்பதும் பெண்ணுக்கு இயற்கை" என்பார்கள் வேறு சிலர். இயற்கையென்றால் ஓட்டலில் தோசை சுடுகிறவர் யார்? கலியாணத்துக்கு ஆயிரம் பேருக்குச் சமைக்கின்றவர் யார்? லாண்டரியில் துணிக்குப் பெட்டி போடுகிறவர் யார்? பெரும்பாலும் ஆண்களே அல்லவா? கோயில் மடப்பள்ளியிலும் ஆண்தானே சமைக்கிறான்? கடவுளுக்குச் சமைத்துப் போட ஆணுக்குக் கை வரும்; கட்டிய மனைவிக்குச் சமைத்துப் போட மாத்திரம் கை வராது என்றால் இது என்ன இயற்கை! உண்மை என்னவென்றால், கூலி கிடைத்தால் அது ஆண் வேலை. கூலி கிடைக்காவிட்டால் அது பெண் வேலை. இதைத் தவிர இதில் வேறு இயற்கை ஒன்றுமில்லை.

கூலிக்குப் பதிலாகப் பெண்களுக்குக் கிடைப்பது புகழ்ச்சி. இல்லத்தரசி என்கிறார்கள், குலவிளக்கு என்கிறார்கள், வீட்டின் மகாலட்சுமி என்கிறார்கள். அரசி என்றால் பாத்திரம் தேய்க்கின்ற அரசி உலகத்தில் எங்கேயாவது உண்டா? ஆயுத பூஜை வருகின்றது. அரிவாள்மனைக்கும் கிரைண்டருக்கும் சந்தனம் பூசி, பொட்டு வைத்து, அன்றைக்கு அவற்றைத் தொடக் கூடாது, அவற்றுக்கு ஓய்வு என்கிறார்கள். அந்தக் கருவிகளைக் கழுவித் துடைத்து, சுண்டல் அவித்து, வீடு முழுதும் மெழுகுகின்ற பெண்ணுக்கு மட்டும் அன்று இரட்டை வேலை. இரும்புக்குக் கிடைக்கின்ற ஓய்வு மனுஷிக்குக் கிடைக்கவில்லை என்றால், அந்தப் பூஜை யாருக்குப் பிரயோஜனம்? நோன்பு, விரதம், வெள்ளி, செவ்வாய், அமாவாசை, கிருத்திகை என்று வைத்திருக்கின்ற ஒவ்வொன்றும் பெண்ணின் கணக்கில் ஒவ்வொரு வேலை என்பதை எண்ணிப் பாருங்கள். மாதத்தில் மூன்று நாள் பெண்ணைத் தூரம் என்று ஒதுக்கி வைத்ததற்கு இப்போது சிலர், "அது அவளுடைய ஓய்வுக்காகப் பெரியோர்கள் செய்த ஏற்பாடு" என்று விஞ்ஞானம் பேசுகிறார்கள். ஓய்வுக்காக என்றால் தொட்டால் தீட்டு என்பானேன்? காய்ச்சல் கண்டவளுக்கு அந்த ஓய்வைக் கொடுக்காதது ஏன்? அவமானத்தோடு அல்லாமல் பெண்ணுக்கு ஓய்வு கொடுக்கத் தெரியாத ஒரு தர்மம், தன்னைத் தர்மம் என்று சொல்லிக்கொள்ள யோக்கியதை உடையதாகுமா?

நிற்க, இயந்திரங்கள் வந்துவிட்டனவே, இனிமேல் பெண்ணுக்கு என்ன வேலை என்று கேட்பாரும் உண்டு. இயந்திரத்தை நாம் வரவேற்கின்றவர்களே. கல்லுரலில் மாவாட்டித் தோள் இற்றுப்போன பெண்ணுக்கு கிரைண்டர் ஒரு விடுதலைதான். 2011-ல் தமிழ்நாட்டுச் சர்க்கார் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றை ஏழைக் குடும்பங்களுக்கு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியதும் நல்ல காரியமே. ஆனால் மிச்சமான பொழுது யாருக்குப் போயிற்று? முன்பு தீபாவளிக்கும் அமாவாசைக்கும் மாத்திரம் இட்லி சுட்ட கிராமத்து வீடுகளில், இன்று தினந்தோறும் இட்லியும் தோசையும் வேண்டியிருக்கின்றன. வாரம் ஒருமுறை வெளுத்த சட்டையைத் தினம் ஒருமுறை வெளுக்க வேண்டியிருக்கின்றது. இயந்திரம் வேலையைக் குறைத்தது. ஆணின் நாக்கும் சொகுசும் அதைத் திரும்பக் கூட்டிவிட்டன. பொத்தானை அழுத்துவதற்குக்கூடப் பெண்தான் வரவேண்டும் என்றால், இயந்திரம் மட்டும் என்ன செய்யும்?

இனி அரசியலைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை. 2021 மே மாதத்தில் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஏற்பாடு செய்தார்கள். 2023 செப்டம்பர் 15-ந் தேதி மாதம் 1000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை தொடங்கப்பட்டது. அப்போது 1 கோடியே 6 லட்சம் பெண்கள் அதற்குத் தகுதியானவர்கள் என்றார்கள். உடனே டீக்கடைகளில், "எல்லாம் ஓசி, பெண்களைச் சோம்பேறியாக்கிவிட்டார்கள்" என்று பேச்சு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு 289 நிமிஷம் என்றால் மாதத்துக்குச் சுமார் 144 மணி நேரம். அதற்கு 1000 ரூபாய் என்றால் மணிக்கு 7 ரூபாய்கூட ஆகவில்லை. ஏறக்குறைய ஐந்து மணி நேர வேலையைத் தினமும் ஒரு பைசா கொடுக்காமல் வாங்கிக்கொள்ளுகிறவன் ஓசியில் வாழ்கிறவனா, அல்லது பஸ்ஸில் ஏறுகின்ற பெண் ஓசியில் போகிறவளா?

2001-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் வீட்டு வேலை செய்யும் பெண்களைப் பிச்சைக்காரரோடும் கைதிகளோடும் சேர்த்து, வேலை செய்யாதவர்கள் என்று எழுதிவைத்தார்கள். 2010-ல் சுப்ரீம் கோர்ட்டு இதைக் கண்டித்தது. 2023 ஜூனில் சென்னை ஹைக்கோர்ட்டு, புருஷன் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கிய சொத்தில், வீட்டைக் காத்த மனைவியின் உழைப்பும் அடங்கியிருக்கின்றது. ஆகையால் அவளுக்கும் சமபங்கு உண்டு என்று தீர்ப்புச் சொல்லிற்று. கோர்ட்டுக்குத் தெரிந்தது வீட்டு எஜமானர்களுக்குத் தெரிய இன்னும் எத்தனை நாள் வேண்டும்?

"பெண்களுக்கு அரசியல் தெரியாது" என்பது மற்றொரு பேச்சு. தெரிந்துகொள்ளப் பொழுது கொடுத்தோமா? பத்திரிகை படிக்கவும், கூட்டத்துக்குப் போகவும், புஸ்தகசாலையில் உட்காரவும் வேண்டியது முதலில் ஓய்வு. 2016-ல் தமிழ்நாட்டு உள்ளாட்சி ஸ்தாபனங்களில் பெண்களுக்குச் சரிபாதி இடம் என்று சட்டம் செய்தார்கள். ஆயினும் பல ஊர்களில் கையெழுத்து மனைவியுடையது, நாற்காலி புருஷனுடையது. "அவளுக்கு வீட்டில் வேலை இருக்கிறது" என்பதுதான் அவன் சொல்லுகிற சமாதானம். பெண்ணின் ஓய்வைப் பறித்தவன் அவள் பதவியையும் பறித்துக்கொள்ளுகிறான் என்பதற்கு இதைவிட வேறு ருஜு வேண்டுமா?

பெண்கள் இதைப் பொறுத்துக்கொண்டே இருப்பார்கள் என்று எண்ணவும் வேண்டாம். ஐரோப்பாவின் வடமேற்கே ஐஸ்லாந்து என்று ஒரு சிறு தீவு நாடு இருக்கின்றது. 1975 அக்டோபர் 24-ந் தேதி அந்நாட்டுப் பெண்களில் 100-க்கு 90 பேர், உத்தியோகத்தையும் அடுப்பையும் பிள்ளைகளையும் ஒரு நாள் அப்படியே விட்டுவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். ஆண்கள் குழந்தைகளை ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். பெண்கள் செய்வது வேலைதான் என்று அன்றைக்கு அந்த நாடு தெரிந்துகொண்டது. ஐந்து வருஷம் கழித்து, 1980-ல், அந்நாட்டார் விக்டிஸ் என்னும் பெண்மணியைத் தங்கள் ஓட்டுகளால் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஜனங்கள் நேரே ஓட்டளித்துக் குடியரசுத் தலைவரான பெண் உலகில் அவரே முதல்வர்.

நமது தோழர்களுக்கு ஒன்று சொல்லுகிறோம். மேடையில் பெண் விடுதலை பேசிவிட்டு, வீட்டுக்குள் நுழையும்போதே "காப்பி கொண்டா" என்பவருக்கும், வைதீகருக்கும் வித்தியாசம் நெற்றியில் மட்டும்தான் இருக்கின்றது. ஆகையால் தின்ற தட்டைத் தானே கழுவட்டும். வாரத்தில் ஒரு நாள் அடுப்பு முழுவதையும் ஆணே பார்த்துக்கொள்ளட்டும். ஆண் பிள்ளைக்கும் சோறு வடிக்கவும் துணி துவைக்கவும் சிறு வயதிலேயே கற்றுக்கொடுக்கட்டும். வேலையைப் பெருக்குகின்ற நோன்புகளையும் பண்டிகைகளையும் ஒவ்வொன்றாகக் கைவிடட்டும். அன்றாடம் ஒரு மணி நேரமாவது மனைவி தன் இஷ்டப்படி கழிக்கட்டும், அவள் படித்தாலும் சரி, பாடினாலும் சரி, தாயமாடினாலும் சரி, ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தாலும் சரி, "என்ன செய்கிறாய்?" என்று கேட்க ஒருவருக்கும் பாத்தியதை இருக்கக் கூடாது. அதற்குச் சட்டமும் வேண்டாம், சர்க்காரும் வேண்டாம், காசும் வேண்டாம். புருஷன் தன் பொழுதில் பாதியைக் கொடுத்தால் போதும். எந்த வீட்டில் பெண்ணின் வாயிலிருந்தும் "பொழுது போகவில்லை" என்ற வார்த்தை வருகின்றதோ, அந்த வீட்டில்தான் சமத்துவம் நுழைந்தது என்று நாம் ஒப்புக்கொள்ளுவோம்.