கைவராத காலம்

பெங்களூரில் ஷட்டில் ஆட இடம் தேடி இப்போது யாரும் வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபூர் சாலை, ஜே.பி. நகர் என்று எந்தப் பக்கம் போனாலும் தகரக் கூரைக் கொட்டகைக்குள் பச்சை விரிப்பும் வெள்ளைக் கோடுமாக நாலைந்து கோர்ட் இருக்கிறது. செல்போனிலேயே ஒரு மணி நேரத்துக்கு இடம் பிடித்து, ஆபீஸ் முடிந்ததும் ஆடிவிட்டு வீட்டுக்குப் போகலாம். பிள்ளைகளுக்குக் கோடை முகாம் உண்டு, வார இறுதி வகுப்பு உண்டு. இதெல்லாம் நல்லதுதான், ஊர் வியர்க்கட்டும். ஆனால் கடினமான ஓர் ஆட்டத்தைக் கற்பதில் உள்ள பரவசம் எங்கே இருக்கிறது என்பதில் நாம் தப்புக் கணக்குப் போடுகிறோம். அது கோப்பையில் இருப்பதாக நினைத்து, அதற்கு முன்னால் வரும் நீண்ட ‘இன்னும் வரவில்லை’ காலத்தைச் செலவுப் பக்கத்தில் எழுதிவிடுகிறோம். பரவசத்தின் பெரும்பகுதி அந்தக் காலத்துக்குள்ளேயே இருக்கிறது என்பது என் கட்சி. அதைக் குறுக்கப் பார்த்தால் ஆட்டமே குறுகிப்போகும். இதற்கு இந்த ஊரே தந்திருக்கும் சாட்சி ஷட்டில் வீரர் பிரகாஷ் படுகோன்.

அவர் சிறுவனாக ஆடியது மல்லேஸ்வரம் கனரா யூனியனின் கல்யாண மண்டபத்தில். பள்ளிக்கூடம் விட்டதும் இன்றைக்கு அங்கே விசேஷம் ஏதும் உண்டா என்று பார்க்க வேண்டும். முகூர்த்த நாள் என்றால் ஆட்டம் கிடையாது. 1962-ல் மாநில ஜூனியர் போட்டியில் இறங்கி முதல் சுற்றிலேயே தோற்றார். இரண்டு வருடத்தில் அதே பட்டத்தை வாங்கினார். பதினாறு வயதில் தேசிய ஜூனியர், சீனியர் பட்டங்கள் இரண்டும் ஒரே ஆண்டில் அவர் கைக்கு வந்தன. அதிலிருந்து சீனியர் பட்டம் தொடர்ந்து ஒன்பது முறை. இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் ‘பிறவி மேதை’ என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடலாம். ஆனால் அடுத்த பக்கத்தைத்தான் நாம் கவனிக்க வேண்டும். இந்தியாவில் எதிரே நிற்க ஆளில்லாத அவருக்குக் காமன்வெல்த் தங்கம் கிடைத்தது 1978-ல், எட்மன்டனில். ஆல் இங்கிலாந்து பட்டம் 1980-ல். உள்ளூர்க் கோப்பை எல்லாம் அலமாரியில் இருக்க, உலகத் தரத்துக்கு முன்னால் தனக்கு இன்னும் வராதவற்றோடு அவர் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் மல்லுக்கட்டியிருக்கிறார். இந்தோனேசியாவின் ரூடி ஹர்ட்டோனோவின் ஆட்டத்தைப் பார்த்து ஒரு கட்டத்தில் தன் ஆட்டத்தையே மாற்றிக்கொண்டவர் அவர். ஊறிப்போன கைப்பழக்கத்தைக் கலைத்துப்போட எத்தனை பேருக்கு மனசு வரும்?

லண்டன் வெம்ப்லி அரங்கில் 1980 மார்ச்சில் நடந்த அந்த இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றவர் லியெம் ஸ்வீ கிங். முந்தைய இரண்டு ஆண்டுகளும் அவர்தான் சாம்பியன். துள்ளி எழுந்து அந்தரத்திலிருந்து அறைவது அவருடைய முத்திரை. பிரகாஷ் அந்த அறைக்கு இடமே கொடுக்கவில்லை. ஷட்டிலை உயர விடாமல், வலையோரம் இறக்கி, வேகத்தைக் குறைத்து, கிங்கை முன்னும் பின்னும் நடக்கவைத்தார். 15-3, 15-10. பலத்தை மென்மை வென்றது என்று அப்போது வியந்தார்கள். அந்த மென்மை எதனால் ஆனது என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும்.

ஷட்டில் சுமார் ஐந்து கிராம் எடை. ஒரு தக்கையில் செருகிய பதினாறு இறகுகள். வலையின் நடு உயரம் ஐந்து அடி. அறைந்தால் மட்டையிலிருந்து புயலாகக் கிளம்பும். இறகு காற்றைப் பிடித்ததும் வேகம் செத்துவிடும். (கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் மேலே இருக்கும் பெங்களூரில் காற்று சற்று மெலிந்தது, இங்கே அது கொஞ்சம் கூடுதலாக ஓடும். டப்பாவில் வேக எண்ணைப் பார்த்து வாங்குவது இதனால்தான்.) வலையோரம் விழப்போகும் ஷட்டிலை ஒருவர் எட்டிக் காலூன்றி எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து அதை வலைக்கு மறுபுறம் உருட்டிப்போடலாம், குறுக்கே அனுப்பலாம், எதிராளியின் தலைக்கு மேல் சுண்டிவிடலாம். மூன்றுக்கும் கை ஒரே மாதிரி நீள வேண்டும். எதிராளி ஒரு பக்கம் எடையைச் சாய்க்கும் கணம் வரை மட்டை அசையாமல் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்கு விரல்கள் தளர்ந்து இருந்தாக வேண்டும். படும் கணத்தில் மட்டும் இறுக வேண்டும். புதிதாகக் கற்பவர் பயத்தில் பிடியை இறுக்கிவிடுகிறார். மணிக்கட்டு பூட்டிக்கொள்கிறது, ஷட்டில் எழும்புகிறது, அறை விழுகிறது. ‘தளர்த்து’ என்று கோச் நூறு தடவை சொல்லலாம். சொல்லால் விரல் தளராது. என்றைக்கோ ஒரு நாள், ஆடுபவர் கவனிக்காத நேரத்தில், விரல் தானாகத் தளர்ந்திருக்கும். அப்போது முதல் முறையாக வலையோரத்தில் அவருக்கு நேரம் கிடைக்கிறது. அதே அரைக் கணம்தான், ஆனால் அதற்குள் தேர்ந்தெடுக்க இடமிருக்கிறது. இந்தச் சுதந்திரத்தைத்தான் நான் பரவசம் என்கிறேன். ஸ்கோர் பலகையில் இது ஏறாது.

முன்னேற்றமே தெரியாத மாதங்களில் உள்ளே ஏதாவது நடக்கிறதா என்று கேட்கலாம். 1890-களில் அமெரிக்காவில் பிரையன், ஹார்ட்டர் என்ற இரு ஆய்வாளர்கள் தந்தி கற்பவர்களைக் கவனித்தார்கள். தந்தியைக் கேட்டு வாங்கும் வேகம் ஓரளவு ஏறி, பிறகு பல வாரம் அப்படியே நின்று, திடீரென்று மறுபடி ஏறியது. நின்றுபோன காலத்தில் எழுத்து எழுத்தாகக் கேட்ட காது சொல் சொல்லாகக் கேட்கப் பழகிக்கொண்டிருந்தது என்பது அவர்கள் தந்த விளக்கம். இந்தத் தேக்கம் எல்லோருக்கும் கட்டாயம் வருமா என்று பின்னால் வந்தவர்கள் ஐயப்பட்டார்கள். அது நியாயமான ஐயம். ஆனால் சிறு சிறு அசைவுகள் சேர்ந்து ஒரே அசைவாகும் வரை வெளியே பலன் தெரியாது என்பது வீணையானாலும் ஷட்டிலானாலும் கற்றவர் எல்லோரும் அறிந்த ஒன்று. ஆறு மாதத்தில் பலன் தெரியவில்லை என்று பிள்ளையை ஷட்டிலிலிருந்து நீச்சலுக்கும், நீச்சலிலிருந்து செஸ்ஸுக்கும் மாற்றும் பெற்றோர் பல நேரம் இந்த இடத்தில்தான் கையைப் பிடித்து இழுத்துவிடுகிறார்கள். சின்ன வயதில் பல ஆட்டம் ஆடிப் பார்ப்பது நல்லது. ஒவ்வொன்றையும் அது கடினமாகத் தொடங்கும் இடத்தில் கைவிடுவது வேறு.

‘பயிற்சி, பயிற்சி என்கிறீர்கள், திறமை பிறப்பிலேயே வர வேண்டாமா?’ என்பது வலுவான எதிர்வாதம். 2014-ல் ஆய்வாளர் மெக்னமாராவும் அவருடைய சகாக்களும் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, விளையாட்டில் ஆளுக்கு ஆள் தெரியும் வித்தியாசத்தில் 18 சதவீதத்தைத்தான் திட்டமிட்ட பயிற்சி விளக்கியது. பத்தாயிரம் மணி நேரம் உழைத்தால் யாரும் உச்சிக்குப் போகலாம் என்ற வாய்ப்பாடு இதோடு விழுந்துவிட்டது. விழட்டும். அந்த எண் ஒருவரையும் இன்னொருவரையும் ஒப்பிட்டுச் சொல்வது. நேற்று இறுகியிருந்த விரல் இன்று தளர்ந்தது என்ற கணக்கு அதில் வராது. தன் உயரம் எதுவோ அதை எட்ட, எல்லோருக்கும் அந்த ஒரே பாதைதான்.

வறுமையையும் வதையையும் நான் புனிதமாக்குவதாக யாரேனும் நினைக்கலாம். கல்யாண மண்டபம் சாம்பியனை உண்டாக்கவில்லை. அங்கே இடம் கிடைக்காமல் ஒதுங்கிப்போன பிள்ளைகளை யாரும் எண்ணவில்லை. பிரகாஷே அந்த மண்டபத்தைப் பெருமையாக்கி நிறுத்திக்கொள்ளவில்லை. 1994-ல் விமல் குமார், விவேக் குமாரோடு சேர்ந்து அகாடமி தொடங்கினார். இன்று அது எலஹங்காப் பக்கம் படுகோன்-திராவிட் மையத்தில் நடக்கிறது. ஆட்டத்தின் கடினம் இருக்கட்டும், இடமில்லாத கஷ்டம் தீரட்டும் என்ற தெளிவு அதில் இருக்கிறது. பிள்ளையை அடிப்பதும் அவமானப்படுத்துவதும் கடினமான பயிற்சி ஆகாது; பயந்த கை பிடியை இறுக்கத்தான் செய்யும்.

பதக்கம் முக்கியமில்லையா என்று கேட்டால், முக்கியம்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஷட்டில் வீரர் லக்ஷ்யா சென் முதல் கேமை வென்ற பிறகும் வெண்கலத்தைத் தவறவிட்டார். அரசும் சங்கமும் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டன, இனி ஆட்டக்காரர்கள் பொறுப்பேற்க வேண்டும் என்று பிரகாஷ் வெளிப்படையாகச் சொன்னார். பலருக்கு அது கடுமையாகப் பட்டது. ஆனால் மனப்பயிற்சிக்கு நாம் போதிய கவனம் தரவில்லை என்றும் அவர் அதோடு சேர்த்துச் சொன்னார். தோல்வியைப் பார்த்த அந்தக் கண் அதில் இன்னும் கைவராத ஒரு பயிற்சியைத்தான் கண்டது. பதக்கத்தை மதிப்பவர்கள் பேச வேண்டியது இப்படித்தான்.

சாம்பியன் ஆகப்போகாத பல்லாயிரம் பேருக்கு இது எதற்கு? நாற்பது வயதில் மட்டையைத் தொட்ட சாஃப்ட்வேர்காரர் எந்தப் பட்டமும் வாங்கப்போவதில்லை. ஆனால் வலையோரத்தில் கிடைக்கும் அந்த அரைக் கணம் பட்டம் வென்றவருக்கு மட்டும் ஒதுக்கப்பட்டதல்ல. ஜெயிக்கும் ஜோடியோடு மட்டும் சேர்ந்து, வரும் அடியை மட்டும் அடித்து ஒரு மணி நேரத்தைத் தீர்ப்பவருக்கு அது கிடைக்காது. வாரத்தில் ஒரு நாளாவது ஸ்கோர் எண்ணாமல், வராத அந்த ஒரு அடியை மட்டும் ஆடிப்பாருங்கள். வகுப்பு முடிந்து வரும் பிள்ளையிடம் ‘ஜெயிச்சியா?’ என்று கேட்பதை விட்டு, ‘இப்போ எது வரமாட்டேங்குது?’ என்று கேளுங்கள். அது சொல்லும் பதிலைக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கேளுங்கள்.