ஆற்றிலே போட்டு, குளத்திலே தேடி...

விருத்தாசலம் என்றால் நம்மில் பலருக்கு ராத்திரி ரயிலில் அரைத்தூக்கத்தில் காதில் விழும் 'டீ, காப்பி'. விவரம் தெரிந்தவர்களுக்கு முந்திரிப்பருப்பு. பக்திமான்களுக்குப் பழமலைநாதர். கொலு வைக்கிற வீடுகளுக்கு பீங்கான் பொம்மை. டீ கப், ஊறுகாய் ஜாடி, அகல் விளக்கு, மழை வந்தால் நீங்கள் டார்ச்சும் கையுமாகப் பிடுங்கிப் பார்க்கும் ஃப்யூஸின் வெள்ளைக் கட்டை, எல்லாவற்றுக்கும் பேர் போன ஊர். பீங்கானுக்கென்றே டிப்ளமோ வைத்த ஊரும்கூட.

பாட்டு, நடனம், ஓவியம், சிற்பம் எல்லாம் சொல்லித் தருகிற கல்லூரிகளில், பையன் உண்மையிலேயே கற்றுக்கொண்டானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? உலகம் பூராவும் பேராசிரியர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி இது. சூளைக்காரர்கள் இதே கேள்விக்கு எப்போதோ ஒரு பதில் கண்டுபிடித்துவிட்டார்கள். அதைச் சொல்லத்தான் விருத்தாசலத்தில் இறங்கினேன்.

சூளையை மூடிவிட்டால் உள்ளே போய்ப் பார்க்க முடியாது. ஆயிரம் டிகிரிக்கு மேல். பாதியில் திறந்தால் பானை விரிசல் விடும். வெப்பமானி வைத்துப் பார்க்கலாமே என்பீர்கள். அதில்தான் சிக்கல். அது சூளையின் சூட்டைச் சொல்லும். மண் எவ்வளவு சூட்டை வாங்கிக்கொண்டது என்று சொல்லாது. அவசர அவசரமாக 1200 டிகிரி ஏற்றிய சூளையில் இருந்த ஜாடியும், நிதானமாக அதே 1200-க்குப் போன சூளையில் இருந்த ஜாடியும் ஒன்றல்ல. மீட்டரில் நம்பர் ஒன்றே, வெந்த கதை வேறு.

இதற்கு 1886-ல் ஹெர்மன் ஜேகர் என்கிற ஜெர்மானியர் ஒரு வழி செய்தார். விரல் உயரத்துக்கு ஒரு கூம்பு. ஜாடி எந்த மாதிரிப் பொருள்களால் ஆனதோ, ஏறக்குறைய அதே களிமண், குவார்ட்ஸ் வகையறாக்களால் ஆனது. அதையும் ஜாடிகளோடு சூளைக்குள் நிறுத்திவைத்து, துளை வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். போதுமான சூட்டை வாங்கிக்கொண்டதும் கூம்பு மெள்ளத் தலை சாய்க்கும். அப்போது நெருப்பை நிறுத்தலாம். வெப்பமானி சூளையைப் பற்றிப் பேசுகிறது. கூம்பு பானையைப் பற்றிப் பேசுகிறது. அவ்வளவுதான் சூட்சுமம்.

இப்போது கல்லூரிக்கு வருவோம்.

அட்டெண்டன்ஸ் எண்பது சதவிகிதம், செமஸ்டர் எட்டு, நடத்திய பாடம் இத்தனை மணி நேரம். இதெல்லாம் வெப்பமானி, ஸார். சூளை நன்றாக எரிந்தது என்பதற்கு அத்தாட்சி. பையன் வெந்தானா?

ஆபீஸ் போகிறவர்களுக்கு ஒரு பழைய ஞாபகம் இருக்கும். டைப்ரைட்டிங் ஹையர். நிமிஷத்துக்கு 45 வார்த்தை, இத்தனை தப்புக்கு மேல் போனால் அம்போ. பரீட்சை என்றால் அதுதான். யார் திருத்தினாலும் அதே மார்க். அதே அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் டிராயிங்குக்கும் லோயர், ஹையர் உண்டு. ஆனால் நிமிஷத்துக்கு 45 கோடு போட்டால் பாஸ் என்று அங்கே சொல்ல முடியாதே!

சென்னையில் 1850-ல் அலெக்சாண்டர் ஹன்ட்டர் என்ற டாக்டர் ஆரம்பித்த ஓவியப்பள்ளிதான் இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. ராய் சௌத்ரியும் பணிக்கரும் முதல்வர்களாக இருந்த இடம். பீங்கான் கலைக்கும் அங்கே இடம் உண்டு. அதைப் போல கும்பகோணத்தில் ஒன்று. இசைக் கல்லூரிகள் வேறு. இவற்றுக்கென்று 2013-ல் தனிப் பல்கலைக்கழகமே வந்தது. பல்கலைக்கழகம் வந்தால் பட்டம். பட்டம் வந்தால் பரீட்சை. பரீட்சை வந்தால் 'விடைத்தாளின் இருபுறமும் எழுதவும்.'

பிராக்டிகல் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அரைமண்டியைப் பற்றி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு ஒன்றரைப் பக்கம் எழுதுகிற காட்சியில் ஒரு தமாஷ் இருக்கிறதா, இல்லையா?

அப்புறம் வந்தது அட்டவணை யுகம். கல்லூரிகளைத் தரம் பார்க்க 'நாக்' என்கிற அமைப்பு பெங்களூரில் 1994-ல் தோன்றியது. அதன் பின்னால் சிறுகச் சிறுக 'கற்றல் விளைவு' என்கிற சொல்லும் உள்ளே வந்தது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஐந்தாறு விளைவுகள். ஒவ்வொரு விளைவையும் எத்தனை பேர் எட்டினார்கள் என்று கட்டம் போட்டு நிரப்ப வேண்டும். கணக்குக்குச் சரி. கெமிஸ்ட்ரிக்குச் சரி. முகாரி பாடுகிற வகுப்பில் 'விளைவு மூன்று: மாணவர் சோகத்தை வெளிப்படுத்துவார்' என்று போட்டு எதிரே சதவிகிதம் எழுதச் சொன்னால், அந்த வாத்தியார் முகத்தில்தான் சோகம் நூறு சதவிகிதம் வெளிப்படும்.

'அப்படியானால் இந்தக் கண்றாவியெல்லாம் எதற்கு? குரு பார்த்து, போதும்டா என்றால் போதும். அந்தக் காலத்தில் அப்படித்தானே?' என்று பெரியவர்கள் சொல்வார்கள். இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

குருவின் வாயிலிருந்து வருவது மட்டும்தான் மார்க் என்றால், சிஷ்யன் கற்றுக்கொள்கிற முதல் கலை கும்பிடு போடுவது. குருவுக்கு ஆகாத வீட்டுப் பிள்ளை என்ன பாடினாலும் அபஸ்வரம். ஊரிலிருந்து டிரங்குப் பெட்டியோடு வந்து, குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதித்த பையன், 'எனக்கு ஏன் 41?' என்று கேட்டால் யாராவது பதில் சொல்லியாக வேண்டும். அந்த 41-க்கும் 60-க்கும் நடுவில்தான் அவனுடைய டிராயிங் மாஸ்டர் வேலை, தங்கை கல்யாணம் எல்லாம் இருக்கிறது. எதை எதைப் பார்த்து மார்க் போடுவோம் என்று முன்கூட்டியே எழுதிவைப்பது, வாத்தியாருக்கு விலங்கு என்பதைவிட அந்தப் பையனுக்குக் கவசம். கேலி செய்யலாம், தூக்கி எறிய முடியாது.

சரி, பெரியவர்களெல்லாம் கூடிப் பார்த்தால் தப்பாதா? தப்பும். ஜேகர் கூம்பு செய்த அதே 1886-ல், பெல்ஜியத்தில் ஆன்ட்வெர்ப் கலைக்கழகத்தில் ஒரு மாணவன் வரைந்ததைப் பார்த்த நடுவர்கள், இவனை ஆரம்ப வகுப்பில் போடுங்கள் என்று முடிவு செய்தார்கள். அதற்குள் அவன் பாரிஸுக்குப் போய்விட்டான். பெயர் வின்சென்ட் வான்கா. நடுவர்களும் முட்டாள்கள் இல்லை. அவர்கள் கையிலிருந்த அளவுகோலுக்கு அவன் கோடு பிடிபடவில்லை. அவ்வளவுதான்.

நம் ஊர்ச் சரக்கு ஒன்று இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் மாதவி அரங்கேறுகிறாள். ஐந்து வயதில் ஆரம்பித்து, ஏழு வருஷம் கற்று, பன்னிரண்டில் ராஜா முன்னால் மேடை. பரிசு, தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும். ஆனால் அவள் ஆடுவதற்கு முன்னால் இளங்கோவடிகள் யாரை அளக்கிறார் தெரியுமா? ஆடல் ஆசிரியன், இசை ஆசிரியன், தண்ணுமைக்காரன், குழல்காரன், யாழ்க்காரன் என்று ஒவ்வொருவருக்கும் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பட்டியல். அப்புறம் மேடைக்கு அளவு. எல்லாம் முடிந்த பிறகுதான் சலங்கைச் சத்தம். பன்னிரண்டு வயசுப் பெண்ணைத் தராசில் ஏற்றுமுன் சொல்லிக்கொடுத்தவர்களை ஏற்றியிருக்கிறார்!

கடைசியாக, விருத்தாசலத்துக்கே திரும்பலாம். 'ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது' என்பார்களே, அந்தக் கதை பிறந்தது இங்கேதான். திருமுதுகுன்றம் என்கிற பழைய பெயரில் இருந்தபோது, சுந்தரருக்கு சிவபெருமான் பன்னிரண்டாயிரம் பொன் கொடுத்தார். வழிப்பயணத்துக்குப் பயந்து, மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்ளச் சொன்னார். பஸ்ஸில் போனால் நூறு கிலோமீட்டருக்கு மேல். நம் பரீட்சை முறைக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடையாது. நாலு வருஷம் ஸ்டூடியோவில் போட்டதை மூன்று மணி நேரம் விடைத்தாளில் தேடுகிறோம்.

சுந்தரர் விவரமானவர். ஆற்றில் போடுமுன் பொன்னில் ஒரு துண்டை வெட்டி வைத்துக்கொண்டார். அதற்கு 'மச்சம்' என்று பெயர். திருவாரூரில் எடுத்த பொன்னை அதோடு உரைத்துப் பார்த்தால், மாற்று குறைந்தது! விட்டாரா? மறுபடி பாடி, சரியான மாற்று வரவைத்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார்.

கலைக் கல்லூரிக்கு வேண்டியது அந்த மச்சம்தான். சேர்ந்த முதல் நாள் பையன் வரைந்த கையை, பெண் பாடிய வர்ணத்தை, ஆடிய முதல் அடவை அப்படியே எடுத்து வையுங்கள். இன்றைக்குத்தான் எல்லார் பையிலும் செல்போன் இருக்கிறதே. செமஸ்டருக்கு ஒருமுறை அதே கை, அதே வர்ணம். கெட்டுப்போனதையும் கிழிக்காமல் சேர்த்து வையுங்கள். கடைசியில் எல்லாவற்றையும் வரிசையாகப் பரப்பி, உள் வாத்தியார் ஒருவர், வெளி ஆள் ஒருவர் உட்கார்ந்து பார்க்கட்டும். எது மாறியிருக்கிறது, ஏன் மாறியது என்று பையனையே சொல்லச் சொல்லட்டும். அப்புறம் மார்க் போட்டு, பக்கத்தில் இரண்டு வரி காரணமும் எழுதட்டும். லண்டன் சங்கீதப் பரீட்சைகளில் மார்க்கோடு குறிப்பும் எழுதித்தான் கொடுக்கிறார்கள். யாருக்கும் கை ஒடிந்துவிடவில்லை.

செலவு? ஒரு அலமாரி. ஒரு பூட்டு. வாத்தியாருக்குக் கொஞ்சம் பொறுமை. கடைசி அயிட்டம்தான் டெண்டர் விட்டாலும் கிடைக்காது.

திருவாரூரில் அந்தப் பொன்னை உரைத்துப் பார்த்துச் சொன்னவர் பிள்ளையார் என்பார்கள். மாற்றுரைத்த விநாயகர் என்ற பெயரில் இன்றும் குளத்துப் பக்கம் இருக்கிறார். நல்லவேளை, 'நெட்' பாஸா என்று அவரை யாரும் கேட்கவில்லை.