பிளாஷ் அடிக்கும் தம்பிகளே, முதல்ல ஷட்டரைப் படிங்க

இதைப் படிச்சு சிலருக்குக் கோபம் வரலாம். வரட்டும்.

தைப்பூசத்தன்று ராத்திரி எங்கள் கோயில் வாசற்படியில் காவடி எடுத்து வந்த பையன் ஒருத்தன் தடுமாறிட்டான். கூட வந்தவங்க பிடிச்சதால் தப்பித்தான். காரணம், முகத்துக்கு நேரே மூணு அடியில் டப்பு டப்புன்னு பிளாஷ். விரதம் இருந்து அலகு குத்தி வர்றவனுக்குக் கால் வைக்கிற படி தெரிய வேண்டாமா?

எடுத்தவரோட கேமராவைப் பார்த்தேன். எல்லாப் படத்திலும் ஒரு பக்கம் கறுப்புப் பட்டை. "பிளாஷ் பத்தல அங்கிள்" என்று பவரைக் கூட்டுகிறார். ஷட்டர் 1/500-ல் நிற்கிறது!

தம்பி, குறை பிளாஷில் இல்லை. டிஎஸ்எல்ஆர் ஷட்டருக்கு இரண்டு திரை. பெரும்பாலான கேமராக்களில் 1/200, சிலதில் 1/250 வரைக்கும்தான் சென்சார் முழுசும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். அதுக்கு மேலே போனால் முதல் திரை முடியுமுன்னே இரண்டாவது மூட ஆரம்பிச்சிடும். திரை மறைச்ச இடத்தில் பிளாஷ் வெளிச்சம் விழாது. பவரை எவ்வளவு கூட்டினாலும் பட்டை போகாது, எதிரில் நிக்கிறவன் கண்ணுதான் கூசும்.

"ஆடி வர்றாங்க, வேகம் வேணுமே" என்பீர்கள். இருட்டில் ஆட்டத்தை நிறுத்திக் காட்டுவது பிளாஷின் அந்த ஒரு மின்னல்தான். 1/125 போதும். ஐஎஸ்ஓவை 1600, 3200 என்று ஏற்றுங்க, பவரைக் குறைங்க. மண்டபத்தில் வெள்ளை சீலிங் இருந்தால் அதில் அடிச்சுத் திருப்புங்க. வெளியே தேர் வரும்போதும் பிளாஷை மேலே தூக்கி அடிக்கிறாங்க சிலர். வானத்தில் ஏதுங்க சீலிங்?

கேமராவையே தடை பண்ணணும் என்று சிலர் சொல்றாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். நடக்க முடியாத பாட்டி வீட்டில் இருந்தபடி சாமி பார்க்கிறது இந்தப் படங்களில்தான். ஆனா மிஷினைப் படிக்காத ஆளை எங்கள் தொழிற்சாலையில் அதைத் தொட விடமாட்டோம். கோயிலில் மட்டும் ஏன் விடணும்?

காவடி முகத்துக்கு நேரே பிளாஷ் வேண்டாம். மூலஸ்தானத்தைப் படம் எடுக்காதே என்று போர்டு இருந்தால் அதோடு பேச்சு முடிஞ்சது. வீட்டில் 1/200, 1/500 இரண்டிலும் சுவரை ஒரு தடவை எடுத்துப் பார்த்திட்டு கோயிலுக்கு வாங்க.

உங்களுக்கு அது ஒரு படம். அவனுக்கு அது நேர்த்திக்கடன்.

முருகா சரணம்.