பொல்கொல்ல அணைக்கட்டில் நின்று

சாதாரண தரப் பெறுபேறு வந்த கிழமை எங்கள் வீட்டில் ஒரே பேச்சுத்தான். உயர்தரத்தில் கணிதப் பிரிவுக்குப் போகப் போகிறேன் என்றேன். “எஞ்சினியர் வேலை ஆம்பிளப் பிள்ளைகளுக்குச் சரி. காட்டிலும் மேட்டிலும் அலைய உனக்கு ஏலுமா மகள்?” என்றார் வாப்பா. உம்மா ஒன்றும் சொல்லவில்லை. அது சம்மதமா மறுப்பா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இந்த ஆசை 2022இல் வந்தது. ஒருநாள் பதின்மூன்று மணித்தியாலம்கூட மின்வெட்டு இருந்த காலம். நாலு பக்கமும் கடல் இருக்கிற நாட்டில் அலையிலும் வற்றுப்பெருக்கிலும் ஏன் மின்சாரம் எடுப்பதில்லை என்று மெழுகுதிரி வெளிச்சத்தில் யோசித்தேன். பிரான்சில் ரான்ஸ் ஆற்று முகத்தில் 1966 முதல் 240 மெகாவாற்று நிலையம் ஓடுகிறது. அங்கே கடல் பல மீற்றர் ஏறி இறங்கும். எங்கள் கடல் ஒரு மீற்றர்கூட ஏறுவதில்லை. அல்லாஹ் எங்களுக்குத் தந்தது மலையும் மழையும். அதை முதலில் கணக்குப் போட்டுக் காட்டியவர் டி. ஜே. விமலசுரேந்திர.

1874இல் காலியில் பிறந்தவர் அவர். பொதுவேலைத் திணைக்களப் பொறியியலாளர். களனி கங்கையின் கிளைகளான மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் செங்குத்தாக விழுகிற இடங்களை அளந்து பார்த்தார். நீர் எவ்வளவு, எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது என்ற இரண்டும் தெரிந்தால் எவ்வளவு மின்சாரம் கிடைக்கும் என்று சொல்லிவிடலாம். 1918இல் அந்தக் கணக்கை இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தில் கட்டுரையாக வாசித்தார். மேலிடம் அசையவில்லை. 1920களில் தொடங்கிய லக்ஷபான வேலையும் பாதியில் நின்றது. ஓய்வுபெற்ற பிறகும் மனிதர் விடவில்லை. 1931இல் இரத்தினபுரியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவாகி, அங்கேயும் அதையே பேசினார். லக்ஷபான இயங்கியது 1950இல். கட்டுரை வாசித்து 32 வருடம். 76 வயதில் அதைக் கண்டவர் 1953இல் மௌத்தானார். நோர்ட்டன்பிரிட்ஜ் மின் நிலையத்துக்கு இன்று அவர் பெயர்.

அந்த 32 வருடமும் மழை பெய்துகொண்டுதான் இருந்தது. தண்ணீர் சும்மா கடலுக்குப் போனது. எங்கள் பெண்பிள்ளைகளின் கணிதத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது. கணக்கில் ‘ஏ’ எடுத்த என் கூட்டாளிகள் நாலு பேர் வேறு பிரிவுக்குப் போய்விட்டார்கள். விரும்பிப் போனவர்களை நான் சொல்லவில்லை. கலைப் பிரிவு ஒன்றும் குறைந்ததல்ல. வீட்டில் வாய் திறக்காமலே போனவர்களைச் சொல்கிறேன்.

பெற்றோரின் பயம் பொய்யான பயம் அல்ல. இரவு பஸ், தூரத்து வேலைத்தளம், ஊர் வாய் எல்லாம் உண்மைதான். ஆனால் அணைக்கட்டு கட்டுகிறவர் மட்டுமா பொறியியலாளர்? வரைபவர், கணக்கிடுபவர், கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் எல்லாருமே பொறியியலாளர்தான். பிரேமளா சிவப்பிரகாசபிள்ளை என்ற தமிழ்ப் பெண் 1960களிலேயே இந்நாட்டின் முதல் பெண் பொறியியலாளராகி, கட்டடத் திணைக்களத்தில் உயர்ந்த பதவி வகித்தார். பேராதனைப் பொறியியற் பீடமோ கண்டிப் பிள்ளைகளுக்கு பஸ்ஸில் அரை மணித்தியாலம். தூரம் என்ற சாட்டு எங்களுக்கு மட்டுமாவது பொருந்தாது.

போன ஞாயிறு வாப்பா கட்டுகஸ்தோட்டைக்குச் சாமான் எடுக்கப் போகும்போது என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். திரும்பும்போது பொல்கொல்ல அணைக்கட்டில் வேனை நிறுத்தச் சொன்னேன். “கங்கையை மறிச்சு இந்தத் தண்ணிய எங்க கொண்டு போறாங்க?” என்று கேட்டார். மலையைக் குடைந்த எட்டுக் கிலோமீற்றர் சுரங்கத்தால் உக்குவெலைக்குப் போகிறது, அங்கே சுழலியைச் சுற்றிவிட்டுப் பிறகு வயலுக்குப் போகிறது, 1976இலிருந்து இப்படித்தான் என்றேன். கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வேனில் ஏறிய பிறகு கேட்டார்: “இணைந்த கணித வகுப்பு எந்தெந்த நாள் மகள்?”